வலது பின்சக்கரத்துச் சத்தம்

அந்தக் காரில் சத்தம் எதுவும் இல்லை.

வலது பின்சக்கரத்தில் பேரிங் உரசுகிறது என்று ஊரார் முன்னால் சொன்னேனே, அது பொய். என் வாயால் நானே உண்டாக்கிய சத்தம். அந்தப் பொய்யினால் என் தம்பி மகள் வாசுகியின் கார் ஷோரூம் மூடிப்போயிற்று. இதை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

முகம் தெரியாதவர்களிடம் சொல்வதில் என்ன துணிச்சல் இருக்கிறது என்று கேட்பீர்கள். துணிச்சல் இல்லைதான்... இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டி வந்திருக்காதே!

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஓடினால் அதிகம். கை வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. நடக்க வேண்டிய கேடெல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

என் காதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் ஒரு கிழவி சொன்ன சொல்லுக்கா இத்தனை பேர் பயந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றும்.

கருமத்தம்பட்டியில் விசைத்தறித் துணி ஏற்றிப் போகிற லாரிகள் மூன்று எங்களுக்கு இருந்தன. என் கணவர் தவறிப்போனபோது எனக்கு முப்பத்தாறு வயது. வண்டிகளை விற்றுவிட்டு வீட்டோடு இரு என்றார்கள். நான் விற்கவில்லை. டிரைவர்கள் என்னை ஏய்க்கப் பார்த்தார்கள். அதனாலேயே வண்டியைக் கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வழி காது ஒன்றுதான். லாரி வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே, அடுப்படியில் இருந்தபடியே, "முன்னால இடது பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருக்குது, போய்ப் பாரு" என்பேன். போய்ப் பார்த்தால் ஒடிந்துதான் கிடக்கும்!

அது மெல்லப் பரவியது. சொந்தத்தில் யார் டிராக்டர் வாங்கினாலும், வேன் வாங்கினாலும், கார் வாங்கினாலும், என்னை அதில் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். இறங்கி ஒரு வார்த்தை சொல்வேன். "அக்கா காது வெச்சுட்டாங்களா?" என்று கேட்ட பிறகுதான் முன்பணம் கொடுப்பார்கள். காது வைப்பது என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. கருமத்தம்பட்டியிலிருந்து கோபிசெட்டிபாளையம் வரைக்கும் எங்கள் சனம் என்ன வண்டி ஓட்டுகிறது என்பதில் என் காதுக்குப் பங்கு உண்டு. ஒருமுறைகூட நான் தப்பாகச் சொன்னதில்லை. ஒருமுறைகூட!

ஆனால் அதே சனம், கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு எடுக்க என்னைக் கூப்பிடாது. மணவறைப் பக்கம் வரவிடாது. கணவனை இழந்தவள் அல்லவா? வண்டிக்கு மட்டும் நான் வேண்டும். அந்தக் கசப்பையும் நான் காதில்தான் அடைத்து வைத்திருந்தேன். என் திமிர் முழுவதும் அங்கேதான் குடியிருந்தது.

வாசுகிக்குத் தாய் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து காலேஜ் முடியும் வரை என் வீட்டில்தான் வளர்ந்தாள். இன்ஜினியர் ஆனாள். வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, அந்த நாட்டிலேயே பத்து வருடம் இருந்தாள். அந்தக் கம்பெனி இந்தப் பக்கம் வந்து விற்க ஆசைப்பட்டபோது, அங்கே எல்லோரும் யோசித்தார்களாம். இங்கே வந்து அடி வாங்கிப் போன மற்றக் கம்பெனிகளின் கதை அவர்களுக்குத் தெரியும். வாசுகிதான் எழுந்து நின்று, எங்கள் ஊரில் ஒரு வண்டியை நம்பிவிட்டால் அப்பன், மகன், பேரன் என்று அதையே வாங்குவார்கள், நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு, அவிநாசி ரோட்டில் கண்ணாடி மாளிகை போல ஷோரூம் திறந்தாள்.

"என்ற பேச்ச நம்பித்தானுங்க அத்தை அவங்க வர்றாங்க. நா நம்ம சனத்த நம்பி வாரேன்" என்றாள்.

அந்த இரண்டு நம்பிக்கையையும் உடைத்தவள் நான்.

திறப்பு விழா அன்று சொந்தம் பூராவும் வந்திருந்தது. கம்பெனிக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முதலில் யாரை உட்கார வைப்பது என்ற பேச்சு வந்தது. என் கணவரின் தங்கை சரசு, பட்டுச்சேலையும் பூவுமாகத் தயாராகத்தான் நின்றாள். வாசுகி அவளைத் தாண்டி வந்து, பின்னால் தூணோரம் நின்ற என் கையைப் பிடித்தாள்.

"எங்க அத்தைதானுங்க மொதல்ல உக்காரோணும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

நாற்பது வருடமாக எந்த மங்கல காரியத்திலும் முன்னால் நிற்காதவளை, அத்தனை பேர் முன்னால் அவள் முன்னால் நிறுத்தினாள். அதற்கு நான் செய்த பதில் மரியாதையைத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள்.

முன் சீட்டில் உட்கார்ந்தேன்... உட்கார்ந்தேன் என்பதே பொய், விழுந்தேன். அவ்வளவு தாழ்வு! கோலம் போடும்போது போட்டுக்கொள்கிற மணைக்கட்டைதான் அந்த உயரம் இருக்கும். கால் இரண்டும் முன்னால் நீண்டுவிட்டன. வாசுகி வண்டியை எடுத்தாள். பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பினோம். கண்ணை மூடிக் கேட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை அமைதியான வண்டியை என் ஆயுளில் நான் கேட்டதில்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இறங்கியதும் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்துவிட்டேன். "இப்பிடி ஒரு வண்டிய நாங் கேட்டதே இல்லீங்க" என்பதுதான் அது. சொல்லியிருந்தால் அன்றைக்கே பத்து வண்டி போயிருக்கும்.

ஷோரூம் வாசலில் கதவைத் திறந்தார்கள். நான் எழப் பார்த்தேன். முடியவில்லை.

முழங்கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. பிடித்து எழ ஒரு பிடிகூட அங்கே இல்லை. ஒரு காலை வெளியே வைத்து உந்தினேன். சேலைக் கொசுவம் கால் அடியில் மாட்டி, திரும்பவும் தொப்பென்று உள்ளே விழுந்தேன். டை கட்டிய விற்பனைக்காரர்கள் இரண்டு பேர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மூட்டையைத் தூக்குவது போல! முந்தானை நழுவிற்று.

"ஏனுங்க நங்கை, கிரேனுக்குச் சொல்லி உடட்டுங்களா?" என்றாள் சரசு. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

"கிரேன் எதுக்குங்க, டிக்கியில ஜாக்கி இருக்கும், அதைப் போட்டு ஏத்துங்க!" என்றது ஓர் ஆண் குரல்.

சிரித்தார்கள். குழந்தை குட்டியோடு எல்லோரும் சிரித்தார்கள். கோட்டுப் போட்டவர்களும், என்னவென்று புரியாமலே மரியாதைக்குச் சிரித்தார்கள்.

"ஒரு சுமங்கலிய உக்கார வெச்சிருக்கோணும்..." என்று சரசு தணிந்த குரலில் யாரிடமோ சொன்னதும் என் காதில் விழுந்தது. என் காதில் விழாமல் இருக்குமா?

வாசுகி மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து என் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். அதுதான் இன்னும் எரிந்தது!

அப்போது கோபிசெட்டிபாளையத்து ரைஸ்மில்காரர் முன்னால் வந்தார். எங்கள் பங்காளி. முதல் வண்டியை அவர் எடுப்பதாகப் பேச்சு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதெல்லாங் கெடக்கட்டும். காது வெச்சீங்களே அக்கா, வண்டி எப்பிடிங்க?" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வழி இருந்தது. வண்டி அருமை என்று சொல்லலாம். சீட்டு தாழ்வு, வயசானவர்களால் எழ முடியாது என்றும் சொல்லலாம். முதலாவதைச் சொன்னால், என்னைத் தலைகுனிய வைத்த வண்டியை நானே புகழ வேண்டும். இரண்டாவதைச் சொன்னால், என் முழங்கால் போய்விட்டது என்று என் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று லாரியைக் கட்டி ஆண்டவள், எழ முடியாத கிழவி ஆகிவிட்டாள் என்று!

"வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன். பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தேன். "வலது பின்சக்கரத்துல பேரிங் ஒரசற சத்தங் கேக்குது. இப்பக் கொஞ்சந்தான். போகப் போகத் தெரியும்."

சிரிப்பு நின்றது. சரசுவின் வாயும் மூடிக்கொண்டது. எல்லோரும் அந்தச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் நான் மறுபடியும் நான் ஆகிவிட்டேன். அந்த நிசப்தம் எவ்வளவு இனித்தது தெரியுமா உங்களுக்கு! இன்று நினைத்தால் வாயெல்லாம் கசக்கிறது... அன்று இனித்தது. மறைக்கமாட்டேன்.

ரைஸ்மில்காரர் வண்டி எடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் அவிநாசி தாண்டிப் போய்விட்டது. வண்டி பார்க்க வருகிறவர்கள், தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டே ஓட்டிப் பார்த்தார்களாம். சாய்த்துக் கேட்டால் எதுதான் கேட்காது? ஆமாம், கேட்கிறது என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். ஆனால் ஷோரூமில் ஒருத்தராவது வாய்விட்டுச் சொன்னார்களா? எங்கள் சனம் சொல்லுமா! "வண்டி நெம்ப நல்லாருக்குதுங்க. ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடும். கம்பெனிக்காரர்கள், இத்தனை பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாசுகிக்குத் தெரியும், அவர்கள் வரமாட்டார்கள் என்று. அதை அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அவள் எந்தப் பாஷையில் புரிய வைப்பாள்?

நாலு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஓர் இன்ஜினியரை அனுப்பினார்கள். நெடுநெடுவென்று உயரம். வண்டியைப் பிரித்துப் போட்டு, சக்கரத்தில் மைக் வைத்து, பத்து நாள் தேடியிருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. சத்தத்தை முதலில் கேட்டது யார் என்று விசாரித்து, வாசுகியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

செருப்பை வாசலில் கழற்றினார். நாற்காலி போட்டும் உட்காராமல், எனக்கு எதிரே தரையில் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டிக்கொண்டு சிரித்தார். தன் முழங்கால் மடங்கவில்லை என்று தானே தட்டிக் காட்டினார்! வெட்கமே படவில்லை. பார்த்தீர்களா, அவ்வளவு சுலபமான காரியம் அது.

வாசுகி அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள். "எங்க மிசினுக்குக் கேக்காதது உங்களுக்குக் கேட்டிருக்குது, உங்களாட்டக் காது எங்க நாட்டுல யாருக்கும் இல்லீங்கறாரு அத்தை. ஒரே ஒருக்கா எங்ககூட வண்டியில வந்து, எங்க கேக்குதுன்னு காமிச்சா அதைச் சரிபண்ணிப்போடறோம்கறாரு."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம்... அவர் தன் முழங்காலைத் தட்டியது போல நானும் என் முழங்காலைத் தட்டியிருந்தால் போதும். பேச்சே வேண்டாம், பாஷையே வேண்டாம்! அவர் புரிந்துகொண்டிருப்பார்.

ஆனால் அந்தக் காரில் மறுபடியும் உட்கார வேண்டுமே, மறுபடியும் எழ வேண்டுமே என்ற பயம் ஒன்றுதான் எனக்குள் இருந்தது.

"ஒருக்காக் கேட்டது பத்தாதா அம்மணி? நாஞ் சொன்னது சொன்னதுதான்னு சொல்லு" என்றேன். "காப்பி குடிச்சுப்போட்டுப் போகச் சொல்லு."

அவர் எழுந்து நின்று, இரண்டு கையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். என் பேச்சில் அத்தனை நம்பிக்கை! போய், அந்தப் பின்சக்கரத்துப் பாகத்தையே மாற்றச் சொல்லி எழுதினாராம். இங்கே வந்த வண்டிக்கெல்லாம் வேறு பேரிங், வேறு ரப்பர், வேறு ஸ்பிரிங் போட்டார்கள். அதனால் வண்டி கடினமாகி, பள்ளத்தில் விழுந்தால் தூக்கிப் போட ஆரம்பித்தது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, நன்றாக இருந்த வண்டிக்கு நோயை உண்டாக்கிவிட்டார்கள்.

சீட்டு மட்டும் அதே தாழ்வில் இருந்தது. அதைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லையே!

அடுத்த தையில் அந்த ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணம் கோபியில் நடந்தது. பந்தியில் அவருடைய தாயார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வயதுதான். இலையைத் துடைத்துக்கொண்டே என் காதோடு காதாகச் சொன்னார்:

"நல்ல நேரத்துல சத்தங்கேக்குதுன்னு சொன்னீங்க சாமி. அப்பவும் என்ற பையன் அந்த வண்டியேதான் வேணும்னு நின்னானுங்க. ஒருக்கா ஏறிப் பார்த்தேன், பள்ளத்துல எறங்குனாப்பல இருந்துச்சு. எந்திரிக்க முடியல. பையங்கிட்ட அதைச் சொல்றதுக்கு வெக்கமுங்க... அப்புறம் கோயிலு குளத்துக்குக் கூட்டிப்போக மாட்டானுங்களே! அதான், 'எனக்கும் அந்தச் சத்தங் கேக்குது'ன்னு சொல்லிப்போட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எத்தனை வீட்டில் எத்தனை கிழவிகள் என் சத்தத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்? எனக்குத் தெரியாது. ஒரு கார் வாங்கினால் மாமியாரும் தாயாரும் ஏறாமல் எங்கள் ஊரில் அந்தக் கார் கோயிலுக்குப் போகாது, விசேஷத்துக்குப் போகாது. ஓட்டுகிறவனைக் கேட்டார்கள், பணம் கட்டுகிறவனைக் கேட்டார்கள். பக்கத்தில் உட்காருகிறவளைக் கேட்கவில்லை. என்னை ஒருத்தியைக் கேட்டார்கள், நானும் பொய் சொன்னேன்.

அன்றைக்குப் பந்தியின் எதிர்வரிசையில்தான் வாசுகி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். எழுந்து போய், "சீட்டை ஒரு சாண் ஏத்தி, ஒரு கைப்பிடி வெக்கச் சொல்லு கண்ணு" என்று சொல்லியிருந்தால் அப்போதும் காலம் இருந்தது. ஷோரூம் இன்னும் மூடவில்லை. நான் மோர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

அதன் பிறகு ஒரு வருடம்கூட ஓடவில்லை. கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். விலை அதிகம், பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, சர்வீஸ் சென்டர் போதவில்லை, இங்கே உள்ளவர்களின் மனசு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பிடிபடுவதில்லை என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். என் ஒருத்தியால் ஒரு கம்பெனி ஓடிவிட்டது என்று சொன்னால் அதுவும் திமிர்தானே? ஆனால் அவிநாசி ரோட்டு ஷோரூமுக்கு நான்தான் காரணம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"நம்ம சனத்தைத் தெரியும்னு சொன்னியேன்னு கம்பெனியில கேக்கறாங்கத்தை. என்னால பதிலே சொல்ல முடியல" என்று வாசுகி என் மடியில் படுத்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால்தான்... இதே கையால்தான் இப்போது எழுதுகிறேன்.

இப்போது அவள் சரவணம்பட்டியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். காரைப் பற்றிப் பேசுவதில்லை. ஷோரூமில் விற்காமல் மிஞ்சிய கடைசி வண்டியைத்தான் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, என் முழங்காலுக்குக் கரண்ட் வைக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். ஆமாம், அந்தக் காரில்தான். வேறு எந்தக் காரில் போவேன்?

போகும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். ரேடியோவை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இப்பக் கேக்குதுங்களா அத்தை?" என்பாள்.

"கேக்குது கண்ணு" என்பேன். இத்தனை வருடம் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்றோ, மனது தாங்கவில்லை. அவள் கேட்டதும், "இல்லை அம்மணி. கேக்கலை. அந்தச் சத்தம் எப்பவுமே..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"எனக்குக் கேக்குதுங்களே அத்தை" என்றாள்.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல எனக்குக் கேக்கவே இல்லீங்க. நீங்க சொன்னதால நம்புனேன், அவ்வளவுதான். இப்பெல்லாம் நல்லாவே கேக்குது. அந்த நாட்டுல இருக்கறப்பவே எனக்குக் கேட்டிருந்தா, கம்பெனிக்காரங்களை இங்க கூட்டிக்கிட்டே வந்திருக்க மாட்டேன். தப்பு என்மேலதானுங்க. உங்க காதுக்கு வயசாயிருச்சு, அதான் உங்களுக்குக் கேக்கலை" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

காதையும் இழந்துவிட்டேன் பாருங்கள். அதையும் அவள் பரிவோடுதான் எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. அவள் சுற்றிவந்து கதவைத் திறந்து, இரண்டு கையையும் நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். வேறு வழியில் அந்தச் சீட்டிலிருந்து என்னால் எழ முடியாது.

என்னைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தினாள். பிறகு அந்தப் பக்கம் போய், வலது பின்சக்கரத்தின் அருகே குனிந்து, அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

நான் பார்க்காதது போல நின்றுகொண்டிருந்தேன்.